இத்தாலியின் இலேசான சிவப்பு ஒயின்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவப்பு ஒயின் என்றதும் கறுத்த நிறம், மரப்பீப்பாய் வாசம், வாயை இழுக்கும் துவர்ப்பு, தொண்டையில் சூடாக இறங்கும் ஆல்கஹால் என்று ஒரு படம் பலருக்கும் மனத்தில் பதிந்துவிட்டது. இத்தாலியில் அதற்கும் குறைவில்லை. ஆனால் அதே நாட்டில் ஏரிக்கரையிலும் மலைச்சரிவிலும் சிசிலியின் செம்மணலிலும், குளிர வைத்துக் குடிக்கிற, மீனோடுகூடச் சேர்கிற, இளமையிலேயே தீர்த்துவிட வேண்டிய சிவப்பு ஒயின்கள் ஏராளம். இந்தப் பக்கம் அவற்றைப் பற்றியது. பரோலோ, புருனெல்லோ, அமரோனே போன்ற கனமான ஒயின்களைத் தேடி வந்தவர்களுக்கு இங்கே அதிகம் கிடைக்காது. அவற்றை ஏன் இந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை என்பது மட்டும் தெரியவரும்.

இலேசான ஒயின் என்றால் ஆல்கஹால் குறைந்த ஒயினா?

அதுவும்தான். ஆனால் அது மட்டும் இல்லை. வாயில் வைத்ததும் ஒயின் எவ்வளவு பாரமாகத் தெரிகிறது என்பதைத்தான் இலேசு, கனம் என்கிறோம். அந்தப் பாரத்தில் பெரும் பங்கு ஆல்கஹாலுடையது. 11, 12 சதவீதத்தில் இருப்பது தடையில்லாமல் உள்ளே போகும். 15-ஐத் தொடுவது நாக்கில் தங்கித் தங்கித்தான் இறங்கும்.

அடுத்தது டானின். திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் உள்ள துவர்ப்புப் பொருள் இது. எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாய் உலர்ந்தாற்போல் ஆகிறது. செங்காயாக இருக்கும் கொய்யாவைத் தோலோடு கடித்தால் ஈறில் ஓர் இழுப்பு வருமே, அதேதான். தோலும் சாறும் எத்தனை நாள் சேர்ந்து ஊறின என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும்.

இந்த இரண்டும் குறைந்த இடத்தில் ஒயினைத் தூக்கி நிறுத்துவது புளிப்பு. புளிப்பும் இல்லையென்றால் அது சப்பென்று போய்விடும். அதற்குப் பெயர் நீர்த்த ஒயின். விலை மலிவாக வேண்டும் என்று கொடிகளில் அளவுக்கு மீறிக் காய்க்கவிட்டுச் செய்யப்படும் பாட்டில்களில் இதைத்தான் பார்க்கிறோம். இந்த வகைகளுக்கெல்லாம் கெட்ட பெயர் வந்ததும் அதனால்தான். நல்ல இலேசான ஒயினில் வாசம் குறைவதே இல்லை. மூக்குக்கு நிறைய, வாய்க்குக் கொஞ்சம் என்பதுதான் கணக்கு.

கோப்பையில் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாமா?

இத்தாலியில் மட்டும் அதை நம்பாதீர்கள். நெப்பியோலோ திராட்சையில் செய்யும் பரோலோவைக் கோப்பையில் ஊற்றி அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்துத் தெரியும், அவ்வளவு வெளிறிய சிவப்பு. குடித்தால் வாய் முழுக்கத் துவர்ப்பு. குறைந்தது 38 மாதம் முதிர வைத்த பிறகே அதை விற்கலாம் என்று விதியே இருக்கிறது. அதே பீட்மாண்ட் மாநிலத்தின் டோல்செட்டோவோ கருஊதா நிறம், பார்த்தால் பயம் வரும். ஆனால் புளிப்பு தணிந்த, வாரநாள் சாப்பாட்டுக்கான ஒயின் அது. ரூக்கே என்று இன்னொன்று: ரோஜா வாசம், மெல்லிய நிறம், லேபிளைத் திருப்பினால் 14 சதவீதம்.

நிறம் தருவது தோலில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி. துவர்ப்பு தருவது டானின். ஒரு திராட்சையில் ஒன்று மிகுந்தும் மற்றது குறைந்தும் இருக்கலாம். நிறத்தைக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல.

பாட்டிலைத் திறக்காமல் கடையிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி அதை 11.5, 12, 12.5 என்று அரை அரையாகத்தான் அச்சிட முடியும். உண்மை அளவு அதிலிருந்து அரைச் சதவீதம் முன்பின் இருக்கலாம். 12.5 அல்லது அதற்குக் கீழே என்றால் பாதி வேலை முடிந்தது. 13 என்றால் திராட்சையின் பெயரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 14-க்கு மேல் என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு வேறு பக்கம் தேடுவது நல்லது.

அடுத்து ஆண்டு. இந்த வகைக்குக் கடந்த ஆண்டோ அதற்கு முந்தைய ஆண்டோ போதும். ஐந்தாறு ஆண்டு அலமாரியில் நின்ற பர்தோலினோவைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

இனி, லேபிளில் உள்ள சொற்கள். ‘ரிசெர்வா’ என்றால் கூடுதல் காலம் முதிர வைத்தது. நமக்கு வேண்டாம். ‘சுப்பீரியோரே’ என்றால் தரம் உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் ஆல்கஹால் சற்று உயர்ந்தது, சற்று முதிர்ந்தது என்றுதான் பொருள். ‘கிளாசிக்கோ’ என்பது ருசியைப் பற்றியதே அல்ல, அந்த ஒயின் முதலில் விளைந்த பழைய மையப்பகுதியிலிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறது. அது இருந்தால் நல்லதுதான். ‘பாரிக்’ என்று பின்பக்கத்தில் எழுதியிருந்தால் சிறிய ஓக் பீப்பாயில் வைத்தது என்று பொருள். இலேசான திராட்சைக்குப் புது ஓக் மரத்தைக் காட்டுவது எனக்குப் பிடிக்காத காரியம், பழ வாசத்தை வனிலா விழுங்கிவிடுகிறது.

பாட்டிலைக் கையில் தூக்கியும் பாருங்கள். அடி தடித்த கனமான பாட்டிலில் ஒரு தயாரிப்பாளர் தன் இலேசான ஒயினை அடைப்பது அபூர்வம்.

டிஓசி, டிஓசிஜி முத்திரைகள் இதைச் சொல்லாதா?

சொல்லாது. 1963-இல் வந்த சட்டம் எந்தத் திராட்சை, எந்த ஊர், எவ்வளவு விளைச்சல் என்று வரையறுத்தது. இந்த முத்திரைகள் அதற்கான சான்றுகள். டிஓசிஜி இன்னும் கடுமையானது, கழுத்தில் அரசுப் பட்டை ஒட்டியிருக்கும். இரண்டிலுமே இலேசானவையும் உண்டு, கனமானவையும் உண்டு. ஐஜிடி என்பது தளர்வான பிரிவு. விதிக்குள் அடங்காத நல்ல ஒயின்களும் அங்கேதான் கிடக்கின்றன.

முதன்முதலாக வாங்குகிறேன். எதில் தொடங்கலாம்?

பர்தோலினோ. தயக்கமில்லாமல் சொல்வேன். இத்தாலியின் மிகப் பெரிய ஏரியான கார்தாவின் கிழக்குக் கரையில், வெரோனா நகருக்கு மேற்கே விளைவது. பனியாறு உருட்டிக்கொண்டு வந்து கொட்டிய கூழாங்கல் நிலம். ஏரியின் நீர்ப்பரப்பு குளிரையும் வெயிலையும் தணித்துக் கொடுக்கிறது. கொர்வினா என்ற திராட்சைதான் இதன் உயிர், கூடவே ரொண்டினெல்லா. செர்ரி, காட்டு ஸ்ட்ராபெர்ரி, கடைசியில் இலவங்கப்பட்டையோ மிளகோ என்று தோன்றும் ஒரு சிறு வாசம். துவர்ப்பு இருக்கும் இடமே தெரியாது.

பல ஆண்டுகள் இதைச் சுற்றுலாப் பயணிகளுக்கான தண்ணி என்று ஒதுக்கினார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. இப்போது மொந்தெபால்தோ, லா ரொக்கா, சொம்மகாம்பான்யா என்று மூன்று உட்பகுதிகளின் பெயர்கள் லேபிளில் வருகின்றன. அவற்றில் ஒன்று இருந்தால் தயாரிப்பாளர் கொஞ்சம் அக்கறை எடுத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். பால்தோ மலையடிவாரத்தைக் குறிக்கும் மொந்தெபால்தோதான் என் விருப்பம், வாசம் கூடுதல்.

வல்போலிசெல்லா இலேசானது என்று படித்து வாங்கினேன். கனமாக இருந்ததே?

லேபிளை மறுபடியும் பாருங்கள். ‘ரிபாஸ்ஸோ’ என்ற சொல் இருந்திருக்கும்.

வெரோனாவுக்கு வடக்கே உள்ள அதே குன்றுகளில், அதே கொர்வினாவிலிருந்து மூன்று வெவ்வேறு ஒயின்கள் வருகின்றன. பறித்த பழத்தை அப்படியே நொதிக்க வைத்தால் சாதாரண வல்போலிசெல்லா: 12 சதவீதத்தை ஒட்டி, செர்ரிப் புளிப்போடு, பளிச்சென்று. பழத்தைத் தட்டுகளில் பரப்பி மாதக்கணக்கில் உலர்த்தி, சர்க்கரை செறிந்த பிறகு நொதிக்க வைத்தால் அமரோனே. இதில் சட்டப்படி ஆல்கஹால் 14-க்குக் குறையக் கூடாது, நடைமுறையில் 15, 16 வரை போகும். அமரோனே வடித்த பிறகு மிஞ்சும் சக்கையின் மேல் சாதாரண வல்போலிசெல்லாவை ஊற்றி இன்னொரு முறை நொதிக்க வைத்தால் ரிபாஸ்ஸோ. சக்கையில் மிஞ்சிய சர்க்கரையும் டானினும் இதில் ஏறிக்கொள்கின்றன.

விற்பனையில் பணம் தருவது பின்னிரண்டும்தான். அதனால் பெயருக்குப் பின்னால் எதுவும் சேராத வெறும் வல்போலிசெல்லாவையோ வல்போலிசெல்லா கிளாசிக்கோவையோ கடைக்காரர்கள் முன்வரிசையில் வைப்பதில்லை. கீழ்த்தட்டில் தேடுங்கள். விலையும் அங்கேதான் குறைவு.

ஸ்கியாவா என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பாட்டிலை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் எடுப்பது இதைத்தான்.

இத்தாலியின் வடக்கு முனையில், ஆல்ப்ஸ் மலைக்குள், ஆல்ட்டோ அடிஜே என்ற பகுதி. முதல் உலகப் போர் முடியும் வரை ஆஸ்திரியாவோடு இருந்தது. இன்றும் அங்கே பெரும்பாலோர் பேசுவது ஜெர்மன். அதனால் லேபிளில் ஒரே ஒயினுக்கு இரண்டு பெயர் இருக்கும்: இத்தாலியனில் ஸ்கியாவா, ஜெர்மனில் ஃபெர்னாட்ச். கல்தாரோ ஏரியைச் சுற்றி விளைந்தால் ‘லாகோ தி கல்தாரோ’ அல்லது ‘கால்ட்டரர்ஸே’. பொல்சானோ நகருக்கு மேலே உள்ள சரிவில் விளைந்தால் ‘சாந்தா மத்தாலேனா’ அல்லது ‘சாங்க்ட் மக்தலெனர்’. பின்னதில் லாக்ரைன் என்ற கறுத்த திராட்சையைக் கொஞ்சம் கலப்பதுண்டு, அதனால் சற்று உடம்பு கூடியிருக்கும்.

கொடிகளைப் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். குலைகள் பெரிது பெரிதாகத் தொங்கும். ஒரு காலத்தில் அந்தப் பகுதித் தோட்டங்களில் பாதிக்கு மேல் இதுவே. பக்கத்து நாடுகளுக்கு லாரி லாரியாக மலிவு ஒயின் போனது, தரம் சரிந்தது, பின்னர் விவசாயிகள் கொடிகளைப் பிடுங்கிவிட்டு விலை போகும் வெள்ளைத் திராட்சைகளை நட்டார்கள். இன்று பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. மிஞ்சியவற்றில் பழைய கொடிகள் நிறைய. இப்போது கிடைக்கும் ஸ்கியாவா நன்றாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

வெளிர் மாணிக்க நிறம், ஸ்ட்ராபெர்ரி, ஊதாப்பூ, முடிவில் கசப்பு பாதாமின் சிறு சாயல். ஊர்க்காரர்கள் இதை உப்பிட்டுப் புகைபோட்ட ஸ்பெக் பன்றியிறைச்சியோடும் ரொட்டி உருண்டைகளோடும் குடிக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் பண்ணை வீடுகளில் புது ஒயினும் சுட்ட செஸ்நட்டுமாக உட்காரும் வழக்கம் ஒன்று உண்டு, டோர்கலன் என்பார்கள். அந்த மேசையிலும் இது இருக்கும்.

பீட்மாண்ட் என்றாலே பரோலோ, பார்பரெஸ்கோதானே? அங்கே இலேசானது உண்டா?

உண்டு. பெரும்பாலும் ஊரை விட்டு வெளியே வராதவை. க்ரின்யோலினோ: அஸ்தி நகரைச் சுற்றியும் மொன்ஃபெர்ராத்தோ குன்றுகளிலும் விளைவது. கிட்டத்தட்ட ரோசே என்ற இளஞ்சிவப்பு ஒயின் போன்ற நிறம். ஆனால் பழத்தில் விதை அதிகம், துவர்ப்பு அங்கிருந்து வந்து கடிக்கும். முதல் தடவை குடிக்கிறவர்களுக்கு இந்தக் குறும்பு பிடிக்காமல் போகலாம், கொழுப்புள்ள இறைச்சி வறுவலோடு வைத்தால் புரியும்.

பெலவெர்கா இன்னும் சிறியது. பரோலோ விளையும் ஊர்களில் ஒன்றான வெர்தூனோவில்தான் இது பெயர் பெற்றது, 1995-இல் தனி டிஓசி கிடைத்தது. வெள்ளை மிளகு வாசம் இதன் அடையாளம், கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாலும் சொல்லிவிடலாம். பார்பெரா எல்லாக் கடையிலும் கிடைக்கும், துவர்ப்பு குறைவு, புளிப்பு மிகுதி. ஆனால் இன்று பல பார்பெராக்கள் 14 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. வாங்கும் முன் எண்ணைப் பாருங்கள்.

லாம்ப்ரூஸ்கோ உண்மையான ஒயினா, இல்லை இனிப்பு சோடாவா?

இந்தக் கேள்விக்குப் பழி 1970-களையும் 80-களையும் சேர வேண்டும். லாம்ப்ரூஸ்கோ குமிழி விடும் சிவப்பு ஒயின். அப்போது அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது அதில் இனிப்பான, மலிவான வகை. உலகம் அதையே அதன் முகமாக எடுத்துக்கொண்டது. இது விளையும் எமிலியா பகுதியின் மொதெனாவிலும் ரெஜ்ஜோ எமிலியாவிலும் சாப்பாட்டு மேசையில் இருப்பது பெரும்பாலும் இனிப்பே இல்லாதது.

லாம்ப்ரூஸ்கோ ஒரே திராட்சை அல்ல, ஒரு குடும்பம். அதில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். சொர்பாரா மிகவும் வெளிறியது, ரோஜா நிறம், கூர்மையான புளிப்பு, ஊதாப்பூ வாசம். இந்தக் கொடியின் பூக்களால் தானே சரியாகக் கருத்தரிக்க முடியாது. அதனால் மகரந்தத்துக்காகப் பக்கத்தில் சலமினோ என்ற இன்னொரு லாம்ப்ரூஸ்கோவை நடுகிறார்கள். அப்படியும் குலையில் பல மணிகள் சிறுத்தே நின்றுவிடும். அந்தக் குறைந்த விளைச்சல்தான் சொர்பாராவின் செறிவுக்குக் காரணம் என்பார்கள். சலமினோ இதற்கும் அடுத்து வருவதற்கும் நடுவே. காஸ்தெல்வெத்ரோவின் க்ராஸ்பரோஸ்ஸா கருஞ்சிவப்பு, ஊதா நுரை, கொஞ்சம் துவர்ப்பு. அதிலும் ஆல்கஹால் பெரும்பாலும் 11 சதவீதத்தை ஒட்டித்தான்.

குமிழி எப்படி வருகிறது? பெரும்பாலும் அழுத்தம் தாங்கும் மூடிய தொட்டியில் இரண்டாம் முறை நொதிக்க வைக்கிறார்கள். அஸ்தியில் ஃபெதெரிக்கோ மார்த்தினோத்தி 1895-இல் காப்புரிமை பெற்ற முறை அது. சிலர் பழையபடி பாட்டிலுக்குள்ளேயே நொதிக்கவிடுகிறார்கள். அது கலங்கலாக இருக்கும், அடியில் வண்டல் நிற்கும், கெட்டுப்போனதல்ல.

வாங்கும்போது ‘செக்கோ’ என்ற சொல்லைத் தேடுங்கள், இனிப்பில்லாதது. ‘அபொக்காத்தோ’, ‘அமாபிலே’, ‘தோல்சே’ என்று போகப் போக இனிப்பு ஏறும். 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாரான ஐரோப்பிய ஒயின்களில் சத்து விவரம் தர வேண்டும் என்று விதி வந்துவிட்டது. பல பாட்டில்களில் அது க்யூஆர் குறியீட்டுக்குள் இருக்கும். கடையில் நின்றபடியே கைப்பேசியில் சர்க்கரை அளவைப் பார்த்துவிடலாம்.

சிசிலி வெயில் கொளுத்தும் தீவாயிற்றே, அங்கிருந்து எப்படி இலேசான ஒயின்?

திராட்சையின் குணம்தான். தீவின் தென்கிழக்கில் வித்தோரியா என்ற ஊரைச் சுற்றி, சுண்ணாம்புப் பாறைமேல் படிந்த செம்மணலில் ஃப்ராப்பாட்டோ விளைகிறது. எவ்வளவு வெயில் பட்டாலும் நிறமும் துவர்ப்பும் அவ்வளவாக ஏறாது. ஸ்ட்ராபெர்ரி, மாதுளை, ஏதோ ஒரு மூலிகை வாசம். ஊரில் இதைக் குளிர வைத்துச் சூரை மீனோடு குடிப்பார்கள். சிவப்பு ஒயினோடு மீன் கூடாது என்ற பழைய பாடத்தை மறக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

இதையே நேரோ தாவோலா என்ற இன்னொரு திராட்சையோடு கலந்தால் செரசுவோலோ தி வித்தோரியா. ஃப்ராப்பாட்டோ 30 முதல் 50 சதவீதம், மீதி நேரோ தாவோலா. 2005-இல் கிடைத்த இதன் டிஓசிஜிதான் சிசிலிக்கு உள்ள ஒரே டிஓசிஜி. கலப்பு சற்றுக் கனம். இலேசு வேண்டுமென்றால் தனி ஃப்ராப்பாட்டோவை வாங்குங்கள்.

எட்னா எரிமலையின் நெரெல்லோ மாஸ்கலேசே இப்போது நாகரிகம். நிறம் வெளிறியது, வாசம் அபாரம், ஆனால் துவர்ப்பு உண்டு, விலையும் உண்டு. முதல் பாட்டிலாக அதைச் சொல்ல மாட்டேன்.

பலெர்மோவில் ஈழத் தமிழர்கள் பெரிய சமூகமாக வாழ்கிறார்கள். அங்கிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஃப்ராப்பாட்டோ உள்ளூர்ச் சரக்கு, மற்றவர்கள் பொறாமைப்படலாம்.

கியாந்தி இதில் சேருமா?

பாதி சேரும். கியாந்தியின் கலவையை 1872-இல் எழுதி வைத்த பெத்தினோ ரிக்காசோலி (இத்தாலியின் இரண்டாவது பிரதமரும் இவரே) சாஞ்ஜொவேசே திராட்சையை முதன்மையாக வைத்தார். சீக்கிரம் குடிக்கும் அன்றாட ஒயினுக்கு மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சையைச் சேர்க்கலாம், முதிர வைப்பதற்கு அது வேண்டாம் என்றார். அந்த அன்றாடக் கியாந்திதான் வைக்கோல் சுற்றிய குண்டு பாட்டிலில் உலகம் சுற்றியது. இன்று லேபிளில் வெறும் ‘கியாந்தி’ என்று மட்டும் போட்ட, இளம் ஆண்டு, 12.5 சதவீதப் பாட்டில் ஓரளவு அந்த வழியில் வருவது. புளிப்பும் கொஞ்சம் துவர்ப்புமாக இருக்கும். கியாந்தி கிளாசிக்கோ ரிசெர்வா வேறு கதை.

லிகூரியா, நாப்போலி பக்கம் ஏதாவது?

பிரெஞ்சு எல்லையை ஒட்டிய தோல்சேஅக்வாவில் ரொஸ்ஸேசே உண்டு. 1884-இல் ஓவியர் மோனே வரைந்த கல்பாலம் இருக்கும் ஊர் அது. ஒயின் மெலிது, உப்புக் காற்றுப் பட்டது போன்ற ருசி, ஆலிவ் சேர்த்துச் சமைத்த முயல்கறிக்கு அங்கே இதுதான். வெசூவியஸ் பக்கம் பியெதிரோஸ்ஸோ. இரண்டுமே கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

‘நொவெல்லோ’ என்று அக்டோபர் கடைசியில் வருவது?

அந்த ஆண்டு அறுவடையின் முதல் ஒயின். அக்டோபர் 30 முதல் விற்கலாம். ஒரு பகுதிப் பழத்தை நசுக்காமல் முழுசாகக் கரியமில வாயுவில் அடைத்து நொதிக்க வைப்பதால் மிட்டாய், வாழைப்பழ வாசம் வரும். பொழுதுபோக்கு. கிறிஸ்துமஸுக்குள் குடித்து முடியுங்கள்.

ரோசேக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ரோசேயில் தோல் சில மணி நேரம் ஊறியதும் சாற்றைப் பிரித்துவிடுவார்கள். சிவப்பில் நாள்கணக்கில் ஊறும். பர்தோலினோ பகுதியின் ரோசேக்குக் ‘கியாரெத்தோ’ என்று பெயர். ஒரு குழப்பம் மட்டும் கவனம்: ‘செரசுவோலோ தாப்ரூட்ஸோ’ என்பது அடர்ந்த ரோசே. சிசிலியின் செரசுவோலோ சிவப்பு ஒயின்.

சிவப்பு ஒயினைக் குளிர வைக்கலாமா? அறை வெப்பத்தில்தான் குடிக்க வேண்டும் என்கிறார்களே?

அந்த ‘அறை’ குளிர்நாட்டுப் பழைய கல்வீட்டு அறை, 16, 17 டிகிரி. சென்னையின் 30 டிகிரி அறை அல்ல. வெப்பம் கூடினால் ஆல்கஹால் முன்னே வரும், குளிர் கூடினால் துவர்ப்பு முன்னே வரும். கனமான ஒயினைக் குளிர வைக்காததற்குக் காரணம் இந்த இரண்டாவதுதான். துவர்ப்பே குறைவான ஒயினுக்கு அந்தப் பயம் கிடையாது. அதனால் பர்தோலினோ, ஸ்கியாவா, ஃப்ராப்பாட்டோ எல்லாம் 12 முதல் 14 டிகிரியில் மலர்கின்றன. லாம்ப்ரூஸ்கோவுக்கு 10, 12. க்ரின்யோலினோவுக்கும் இளம் கியாந்திக்கும் 15, 16.

தெர்மாமீட்டர் தேவையில்லை. நம் ஊர் வெயிலில் ஃப்ரிட்ஜில் ஒன்றரை மணி நேரமாவது வையுங்கள். ஐரோப்பியக் குளிர்காலத்தில் அரை மணி போதும். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்றால் வாளியில் பாதி ஐஸ், பாதித் தண்ணீர், ஒரு பிடி உப்பு, பத்துப் பதினைந்து நிமிடம். கோப்பைக்குள் ஐஸ் கட்டி மட்டும் வேண்டாம், ஏற்கெனவே மெலிந்ததை நீர்க்க வைப்பானேன்.

குளிர் சற்று மிஞ்சிவிட்டாலும் கவலையில்லை. கோப்பையை உள்ளங்கையில் வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். சூடாகிப்போன ஒயினை மேசையிலேயே குளிர வைக்கத்தான் வழியில்லை.

விசேஷக் கோப்பை வேண்டுமா?

வேண்டாம். வெனிஸ் மதுக்கடைகளில் சின்னக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றித் தருகிறார்கள். எமிலியாவில் லாம்ப்ரூஸ்கோவைப் பீங்கான் கிண்ணத்தில் குடிக்கும் பழைய வழக்கமும் உண்டு. வாசம் முக்கியம் என்பதால் வாய் சற்றுக் குறுகிய கோப்பை இருந்தால் நல்லது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

மூடி, ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள். லாம்ப்ரூஸ்கோ மறுநாளே குமிழி இழந்துவிடும். திறக்காத பாட்டில்களையும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் பூட்டி வைக்காதீர்கள். சமையலறை அலமாரியில், அடுப்புக்கு மேலே வைப்பது மிக மோசம்.

எந்தச் சாப்பாட்டோடு குடிப்பது?

தக்காளி இருக்கும் எதுவும். தக்காளியின் புளிப்புக்கு ஈடு கொடுக்கும் புளிப்பு இந்த ஒயின்களில் இருக்கிறது. மார்கரித்தா பீட்சாவும் பர்தோலினோவும், கத்தரிக்காயைப் பொரித்துத் தக்காளி, சீஸ் அடுக்கிச் சுட்ட பார்மிஜானாவும் ஃப்ராப்பாட்டோவும், மொச்சை போட்ட பாஸ்தா சூப்பும் வல்போலிசெல்லாவும். எமிலியாவின் சமையலில் வெண்ணெய், பன்றிக்கொழுப்பு, பார்மிஜானோ சீஸ் எல்லாம் தாராளம். லாம்ப்ரூஸ்கோவின் குமிழியும் புளிப்பும் ஒவ்வொரு வாய்க்கும் நாக்கைத் துடைத்துக் கொடுக்கும். கார்தா ஏரி மீனுக்குப் பர்தோலினோ. பெரிய மாட்டிறைச்சித் துண்டுக்கு மட்டும் இவை தாக்குப்பிடிக்காது.

காரமான சாப்பாட்டோடு?

மிளகாய்க் காரம் இருக்கும் வாயில் துவர்ப்பும் ஆல்கஹாலும் இரட்டிப்பாக எரியும். செட்டிநாட்டுக் கோழியோடு 15 சதவீத ஒயின் ஊற்றியவர்களுக்குத் தெரியும். அந்த வகையில் இந்த ஒயின்கள்தான் நமக்குத் தோது: குளிர்ந்த ஸ்கியாவா, அல்லது சற்றே இனிப்புள்ள ‘அமாபிலே’ லாம்ப்ரூஸ்கோ. இனிப்பு காரத்தை ஆற்றும். புளிக்குழம்போடு எதையும் சேர்க்காதீர்கள், புளியின் முன்னால் எந்த ஒயினும் நிற்காது.

ஒயின் சைவமா?

எப்போதும் அல்ல. கலங்கலைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனிலிருந்து எடுக்கும் ஒரு பசை ஆகியவற்றைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். களிமண் வகையான பென்டனைட்டை மட்டும் பயன்படுத்துவோரும் உண்டு. முட்டையோ பாலோ தங்கியிருந்தால் ஒவ்வாமைக்காக லேபிளில் சொல்ல வேண்டும். ஜெலட்டினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உறுதி வேண்டுமென்றால் ‘வேகன்’ முத்திரையைப் பாருங்கள்.

இலேசானது என்பதால் உடம்புக்குக் கெடுதல் இல்லையா?

அப்படிக் கணக்குப் போடாதீர்கள். 750 மில்லி பாட்டிலில் 12 சதவீதம் என்றால் 90 மில்லி சுத்த ஆல்கஹால். 15 சதவீதத்தில் 112 மில்லிக்கு மேல். வித்தியாசம் உண்டு, ஆனால் சுலபமாக இறங்குவதால் இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டால் அது போய்விடும். பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு 12-ம் 15-ம் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் கிடைக்குமா?

சில்லறை விற்பனை டாஸ்மாக்கின் கையில் என்பதால் தேர்வு குறைவு. இறக்குமதிச் சரக்கு இருக்கும் கடைகளில் கண்ணில் படுவது பெரும்பாலும் கியாந்தி. அதில் இளம் ஆண்டைப் பாருங்கள். எங்கே வாங்கினாலும் கார்க் மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறதா, கழுத்தில் கசிவுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் கிடந்ததன் அடையாளம் அது. இலேசான ஒயின்கள் சூட்டில் முதலில் சாகும். விமான நிலையக் கடையில் வாங்கி வருவதானால் அமரோனேயின் கனமான பாட்டில்தான் முன்னால் நிற்கும். அதைத் தாண்டி உள்ளே போய்க் கேளுங்கள்.

இதையெல்லாம் நாக்குக்குப் பழக்க ஏதாவது வழி?

ஒரே தயாரிப்பாளரின் வெறும் வல்போலிசெல்லாவையும் ரிபாஸ்ஸோவையும் வாங்கி, நாலு பேராக உட்கார்ந்து, இரண்டு கோப்பைகளில் பக்கம் பக்கமாக ஊற்றுங்கள். திராட்சை ஒன்று, குன்று ஒன்று, கை ஒன்று, மாறியது செய்முறை மட்டும். முதலில் வல்போலிசெல்லா, பிறகு ரிபாஸ்ஸோ, மறுபடி வல்போலிசெல்லா. வரிசையை மாற்றிக் கனமானதில் தொடங்கினால் இலேசானது பாவம், தண்ணீராகத் தெரியும். பாதியில் கொஞ்சம் ரொட்டியும் சீஸும் கொண்டுவந்து வைத்து மீண்டும் ருசியுங்கள். எந்தப் பாட்டில் முதலில் காலியாகிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை கடையில் எதை வாங்குவது என்ற கேள்வி வராது.